வாசகர் கேள்வி – பதில்: மருந்துக் கொம்பை எப்படி அணிவது?

மாட்டுக் கொம்பின் உள்ளெலும்பை நீக்கி, அகன்ற பக்கத்தை மரத்தால் அடைத்து, கூரிய முனையில் துளையிட்டு அடைப்பான் செருகி, அதற்குள் துப்பாக்கிக்கான கருமருந்தை நிரப்பித் தோளிலோ இடுப்பிலோ தொங்கவிட்டுக்கொள்ளும் பழைய கலமே மருந்துக் கொம்பு. டெல்டா மாவட்டங்களில் வரலாற்று நாடகங்களும் பள்ளி விழாக்களும் நடைபெறும் காலமாதலால், இதனை அணியும் முறை பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: ஐயா, 1773ஆம் ஆண்டில் தஞ்சைக் கோட்டை முற்றுகையிடப்பட்டு வீழ்ந்த நிகழ்ச்சியை எங்கள் குழு நாடகமாக்கி வருகிறது. மன்னர் துளஜாவின் வீரர்கள், கிழக்கிந்தியக் கும்பினிச் சிப்பாய்கள் என இரு தரப்பினருக்கும் மருந்துக் கொம்பு மாட்டியிருக்கிறோம். ஒத்திகையில் சிலர் வலப்புறமும் சிலர் இடப்புறமும் அணிகிறார்கள். சிலருக்கு அது மார்பில் தொங்குகிறது, சிலருக்குத் தொடையில் இடிக்கிறது. எப்பக்கம், எவ்வளவு உயரத்தில் அணிவது முறை?
— நாடகக் குழுப் பொறுப்பாளர், கும்பகோணம்

பதில்: முதலில் கும்பினிச் சிப்பாய்களின் தோளிலிருந்து கொம்பைக் கழற்றிவிடுங்கள். அக்காலத்தில் ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற காலாட்படையினர் மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சேர்த்துச் சுருட்டிய தோட்டாக்களையே பயன்படுத்தினார்கள். அவற்றை வைப்பதற்கான தோல் பெட்டி, இடத்தோளில் மாட்டிய அகன்ற வாரில், வல இடுப்பின் பின்புறமாகத் தொங்கும். தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, அதிலிருந்தே சிறிதளவு மருந்தை ரஞ்சகக் கிண்ணத்தில் (முதலில் தீப்பற்றும் மருந்தை இடுவதற்காகக் குழலின் பக்கத்தில் உள்ள சிறு குழியில்) இட்டு, மீதியைக் குழலில் கொட்டிக் குண்டையும் இறக்கிவிடுவார்கள். ஆகவே அவர்களுக்குக் கொம்பு தேவைப்படவில்லை. உங்கள் நாடகத்தில் கும்பினித் தரப்பில் யாருக்காவது கொம்பு மாட்டத்தான் வேண்டுமென்றால், பீரங்கிக்காரருக்கு மாட்டுங்கள். பீரங்கியின் பின்பகுதியில், தீ உள்ளே செல்வதற்கான பற்றுத் துளையில் மெல்லிய மருந்தைச் சொரிவதற்கு அவருக்கு அது கட்டாயம் வேண்டும். மேடையில் நிற்கும் இருபது சிப்பாய்களுக்கு நடுவே ஒரே ஒருவர் மட்டும் கொம்பு அணிந்திருந்தால், அவர் பீரங்கியருகே நிற்பவர் என்பதைப் பார்வையாளர் வசனமின்றியே அறிந்துகொள்வார்கள்.

தஞ்சை வீரர்களின் நிலை வேறு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் நம் நாட்டுப் படைகளில், புகையும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் திரித்துப்பாக்கி பரவலாக இருந்தது. அதற்குரிய வீரர் மருந்தைத் தனியாகவும் குண்டைத் தனியாகவும் சுமந்தார். ஆனால் நம் நாட்டு வழக்கில் மருந்துக் கலம் எப்போதும் தோள்வாரிலேயே தொங்கியதாக எண்ண வேண்டாம். இடுப்புக் கச்சையோடு இணைத்த தோல் அல்லது துணி வாரில் மருந்துக் கலம், ரஞ்சக மருந்துக்கான சிறு குப்பி, குண்டுப் பை ஆகிய மூன்றையும் வரிசையாகக் கோத்து அணிவதும் பரவலான முறையாகும். உங்கள் கோட்டைக் காவலர்களுக்கு இந்த இடுப்புக் கச்சை முறையையே நான் பரிந்துரைப்பேன். எதிரணியில் குறுக்கு வார்கள் வெள்ளையாகத் தெரியும்போது, இந்த அணியில் கச்சையும் அதில் கொம்பும் தெரிந்தால், ஒளி மங்கிய காட்சியிலும் இரு தரப்பும் குழம்பாது. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து சென்ற ஆயுதங்கள் பல சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உங்கள் ஒப்பனையாளரும் தையற்காரரும் ஒருமுறை சென்று பார்த்துவருவது, படங்களைப் பார்த்துச் செய்வதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

இனி எப்பக்கம் என்ற கேள்விக்கு வருவோம். இதில் சாத்திரம் எதுவும் இல்லை. கையும் நெருப்புமே இதைத் தீர்மானிக்கின்றன. கொம்பை எடுக்கும் கை தடுமாறாமல் அதைச் சென்றடைய வேண்டும், கொம்பின் வாய் நெருப்புக்கு எட்டாமல் இருக்க வேண்டும் என்ற இவ்விரண்டையும் நிறைவேற்றும் பக்கமே சரியான பக்கம்.

கையை முதலில் பார்ப்போம். சுட்டு முடித்தவர் துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி, குழலை இடக்கையால் பிடித்துக்கொள்கிறார். வலக்கை ஓய்வாக இருக்கிறது. அந்த வலக்கை கீழே இறங்கும்போது கொம்பு வலப்புறத்தில், விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் இடைப்பட்ட இடத்தில் இருந்தால், உள்ளங்கை அதன் வயிற்றிலேயே போய் அமரும். கண்ணால் தேட வேண்டியதில்லை. கட்டைவிரலால் அடைப்பானைத் தள்ளி எடுக்கலாம், அல்லது கொம்பை உயர்த்திப் பல்லால் கவ்வி இழுக்கலாம். அடைப்பான் ஒரு சிறு நூலால் கொம்பின் கழுத்தோடு கட்டப்பட்டிருப்பதால் விழுந்துவிடாது. கொம்பு இடப்புறத்தில் இருந்தால் வலக்கை உடலைக் கடந்து செல்ல வேண்டியிருக்கும். அங்கே ஊன்றி நிற்கும் குழலும் அதனைப் பிடித்திருக்கும் இடக்கையும் வழியை மறிக்கும். இதனால்தான் வலக்கை வழக்கமுள்ள பலர், வாரை இடத்தோளில் மாட்டிக் கொம்பை வலப்புறம் விழவிட்டார்கள்.

நெருப்பைப் பார்த்தால் கணக்குச் சற்று மாறுகிறது. திரித்துப்பாக்கியானாலும், சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் பற்றவைக்கும் துப்பாக்கியானாலும் ரஞ்சகக் கிண்ணமும் பற்றுத் துளையும் குழலின் வலப்பக்கத்திலேயே இருப்பது வழக்கம். மருந்து பற்றும்போது தீப்பொறி வலப்புறமாகப் பக்கவாட்டில் பீறிடும். அதனால் தனியாக நின்று சுடும் வேட்டைக்காரர் ஒருவர், தம் கொம்பைப் பொறிக்கு எதிர்ப்பக்கமான இடப்புறத்தில் வைத்துக்கொள்வதற்கு நல்ல காரணம் உண்டு. ஆனால் வரிசையில் நிற்கும் வீரருக்கு அதே இடப்புறம் ஆபத்தான பக்கமாகிவிடுகிறது. ஏனெனில் இடப்புறத்தில் நிற்கும் தோழரின் பொறி இவருடைய இடப்பக்கத்தை நோக்கியே வரும். வரிசையில் நிற்பவர் கொம்பை வலப்புறம், முழங்கைக்குச் சற்றே பின்தள்ளி அணிந்தால், அவருடைய உடலே அதற்கு அரணாகும். அவருடைய துப்பாக்கியின் பொறியோ, முகத்தின் உயரத்தில் முன்னால் பீறிடுவதால் இடுப்பின் பின்னால் உள்ள கொம்பை எளிதில் தொடாது. உங்கள் நாடகத்தில் கோட்டை மதிலின் மேல் வரிசையாக நிற்பவர்கள் எல்லாரும் வலப்புறமே அணியட்டும். திரித்துப்பாக்கிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐரோப்பியப் பயிற்சி முறையில், புகைந்துகொண்டிருக்கும் திரியை மருந்திடும் நேரத்தில் இடக்கை விரல்களுக்கு இடையே பிடித்திருப்பார்கள். கங்கு எரியும் பக்கத்தில் மருந்தைத் தொங்கவிட யாரும் துணியமாட்டார்கள்.

கொம்பு எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் நீங்கள் அனுப்பிய ஒத்திகைப் படத்தில் பாதிப் பேர் அதைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். கூரிய முனை முன்னோக்கியும் மேல்நோக்கியும் இருக்க வேண்டும். அகன்ற அடிப்பகுதி பின்னால், சற்றுத் தாழ்ந்து இருக்க வேண்டும். அப்போது மருந்தெல்லாம் கொம்பின் வயிற்றுக்குள் தங்கும். அடைப்பான் தளர்ந்தாலும் சட்டென்று சிந்தாது. முனை கீழே பார்த்தால், ஓடும்போது அடைப்பான் கழன்று, வீரர் போகும் வழியெல்லாம் மருந்துக் கோடு போட்டுக்கொண்டு போவார். அதில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கொம்பின் உள்வளைவு உடலோடு ஒட்டிப் படிய வேண்டும். வெளிவளைவு உடலைத் தொட்டால் அது ஓரிடத்தில் நில்லாது உருளும்.

உயரத்துக்கு ஒரு சோதனை சொல்கிறேன். கொம்பை அணிந்துகொண்டு, கையை இயல்பாகத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லுங்கள். முழங்கை கொம்பின் மேல் பட வேண்டும். பின்பு வயலில் நாற்று நடுவதற்குக் குனிவதுபோல் குனியச் சொல்லுங்கள். கொம்பு முன்னால் ஊசலாடி வந்து முகத்துக்கு நேரே தொங்கினால் வார் நீளம். முழங்கையால் அழுத்தினாலே நின்றுவிட்டால் அளவு சரி. கடைசியாகத் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் குறிபார்க்கச் சொல்லுங்கள். கை மேலே போகும்போது வார் கழுத்தை இழுத்தால் வார் குட்டை. உங்கள் நடிகர்களின் உயரம் ஒன்றுபோல் இராது. ஒரே நீளத்தில் வார்களை வெட்டி எல்லாருக்கும் கொடுத்ததே உங்கள் சிக்கலுக்குக் காரணம் என்று தோன்றுகிறது. ஒவ்வொருவர் உடலிலும் அளந்து, முடிச்சை அங்கேயே போடுங்கள்.

மேடையில் துப்பாக்கிக்கு மருந்திடும் காட்சி இருந்தால், ஒன்றைத் தவறாமல் கவனியுங்கள். கொம்பிலிருந்து நேரே குழலுக்குள் கொட்டுவதாகக் காட்டாதீர்கள். முன் சுட்டதில் எஞ்சிய கங்கு குழலுக்குள் ஒளிந்திருந்தால், அது ஊற்றப்படும் மருந்து வழியாகவே மேலேறிக் கையிலுள்ள கொம்பு முழுவதையும் வெடிக்கச் செய்துவிடும். அதனால் அறிந்தவர்கள் ஒரு சிறு அளவைக் குப்பியில் ஒரு வேட்டுக்குரிய மருந்தை மட்டும் ஊற்றி, கொம்பை மூடிப் பின்னே தள்ளிவிட்டு, அதன் பிறகே குப்பியிலிருந்து குழலுக்குள் கொட்டுவார்கள். இந்தக் கை அசைவு மேடையில் பார்ப்பதற்கும் அழகாக இருக்கும்.

கேள்வி: வார் எதனால் ஆனதாக இருக்க வேண்டும்? கடையில் கிடைக்கும் நைலான் கயிறு போதாதா? கொம்பின் இரு முனைகளிலும் எப்படிக் கட்டுவது?
— ஆடை தைப்பவர், திருபுவனம்

பதில்: நைலான் வேண்டாம். அது பளபளக்கும், வழுக்கும், விளக்கொளியில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். தோல் வார் நல்லது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பகுதியில் தோலில் பூஞ்சணம் பிடிக்காமல் காப்பது பெரும்பாடு. நெசவுக்குப் பெயர்பெற்ற ஊரில் இருக்கிறீர்கள். இரண்டு விரல் அகலத்தில் பருத்தி நூலில் அழுத்தமாக நெய்த நாடாவே தோளை அறுக்காது, வியர்வையையும் உறிஞ்சும், துவைத்துக் காயவைக்கவும் எளிது. சாயம் போடாத நிறம் அல்லது காவி கலந்த பழுப்பு நிறம் போதும்.

கட்டும் இடங்கள் இரண்டு. நல்ல கொம்பில், முனைக்குச் சற்றுக் கீழே கழுத்தைச் சுற்றி மெல்லிதாகச் சீவி, நடுவில் ஒரு வளையத்தை மட்டும் மேடாக விட்டிருப்பார்கள். விரலை வைத்து உருட்டிப் பார்த்தால் அந்த மேடு நகத்தில் தட்டும். கயிறு அந்த மேட்டுக்குக் கீழே அமர்வதால் முனைப்பக்கமாக நழுவாது. மற்ற முனையை, அடியை அடைத்திருக்கும் மரத்தில் அறைந்த வளையத்திலோ குமிழிலோ கட்டுவார்கள். நாடா அகலமாக இருந்தால் அதன் இரு நுனிகளிலும் மெல்லிய தோல் வாரையோ முறுக்கிய நூற்கயிற்றையோ தைத்து, அதனால் கட்டுங்கள். அகலம் தோளுக்கு மட்டுமே தேவை.

கொம்பைக் கழற்றாமலே முனையை அளவைக் குப்பி வரை உயர்த்திச் சாய்க்க முடிய வேண்டும் என்பதைக் கட்டும்போது மனத்தில் வையுங்கள். வாரை உடலோடு இறுக்கித் தைத்துவிட்டால் நிற்கும்போது அழகாகத்தான் இருக்கும். நடிகர் மருந்தை ஊற்ற முயலும்போது கொம்பு அசையாது. குண்டுப் பையையும் கொம்பையும் ஒரே வாரில் கோப்பவர்களும் உண்டு, தனித்தனியாக மாட்டுபவர்களும் உண்டு. ஒரே வாரில் கோத்தால் பையின் மேல் கொம்பு படிந்து இரண்டும் சேர்ந்தே நிற்கும். தனித்தனியாக இருந்தால் ஒன்றைக் கழற்றாமல் மற்றதை மட்டும் கழற்றலாம். மேடையில் உடை மாற்ற நேரம் குறைவு என்பதால் ஒரே வாரையே நீங்கள் தேர்ந்துகொள்ளலாம்.

கேள்வி: எங்கள் பகுதியில் உம்பளச்சேரி மாடுகளே அதிகம். அவற்றின் கொம்பில் மருந்துக் கொம்பு செய்ய முடியுமா? எருமைக் கொம்பு ஆகுமா? வலப்புறத்துக்கு ஒரு கொம்பு, இடப்புறத்துக்கு ஒரு கொம்பு என்று உண்டா?
— கைவினை ஆசிரியர், மன்னார்குடி

பதில்: உம்பளச்சேரிக் காளைகளுக்குக் கன்றுப் பருவத்திலேயே கொம்பைத் தீய்த்து மொட்டையாக்குவது நம் உழவர்களின் நெடுநாள் வழக்கம் என்பது உங்களுக்கே தெரியும். அம்மாடு சேற்று வயலில் உழைக்கப் பிறந்தது. அதனிடம் கொம்பை எதிர்பார்க்க வேண்டாம். காங்கேயம் இனத்தைப் போன்று நீண்டு வளைந்த கொம்புள்ள மாடுகளின் கொம்பே இதற்கு ஏற்றது. இயற்கையாக இறந்த மாட்டின் கொம்பைக் கேட்டு வாங்குங்கள். சில நாள் நீரில் ஊறவைத்தால் உள்ளெலும்பு நெகிழ்ந்து கழன்றுவிடும். நாற்றம் மிகுதியாக இருக்கும், ஆகையால் பள்ளிக்கூடத்துக்குள் செய்யாதீர்கள்.

கொம்பின் அடிவாய் இயல்பில் முழு வட்டமாக இராது. கொதிநீரில் இட்டால் இளகும். இளகிய நிலையில், கூம்பாகக் கடைந்த மரக்கட்டையை உள்ளே அழுத்தி ஆறவிட்டால் வட்டமாக நிலைத்துவிடும். அதன் பின் பூவரசு மரத்தில் அடைப்புக் கடைந்து, சுற்றிலும் சிறு மர ஆணிகள் அறைந்து, இடைவெளியைத் தேன்மெழுகால் பூசி அடையுங்கள். வெளிப்புறத்தைச் சீவிச் சீவி மெல்லிதாக்கினால், வெளிறிய நிறக் கொம்பாயின், வெயிலில் பிடிக்கும்போது உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது நிழலாகத் தெரியும். அக்காலத்தில் கொம்பைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நீர் புகாது, உலோகத்தைப் போல் உரசிப் பொறி எழுப்பாது, கீழே விழுந்தால் எளிதில் உடையாது என்பன மற்றக் காரணங்கள். வெடியுப்பு கலந்த மருந்து ஈரத்தால் கெடக்கூடியது என்பதால், கடற்காற்று வீசும் நம் பகுதி போன்ற இடங்களில் நீர் புகாமை மிகவும் முக்கியமாக இருந்திருக்கும்.

எருமைக் கொம்பும் ஆகும். அது கறுத்தது, கனத்தது, உள்ளே இருப்பதைக் காட்டாது. குறுக்கு வெட்டில் வட்டமாக இல்லாமல் முக்கோணம் போல் தட்டையாக இருப்பதால், மர அடைப்பை அந்த வடிவுக்கே செதுக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்தத் தட்டையான முகம் இடுப்பில் நன்றாகப் படியும் என்பதால், இடுப்புக் கச்சையில் அணிவதற்கு எருமைக் கொம்பு எனக்குப் பிடித்தமானது.

வலம், இடம் என்ற வேறுபாடு உண்மையிலேயே உண்டு. ஒரே மாட்டின் இரு கொம்புகளும் கண்ணாடிப் பிம்பம் போல் எதிரெதிராக முறுக்கியிருக்கும். ஒன்று அணிபவரின் ஒரு பக்கத்துக்குப் பொருந்தும், மற்றது மறு பக்கத்துக்குப் பொருந்தும். எது எதற்கு என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அடி பின்னாகவும் முனை முன்னே மேலாகவும் இருக்கும்படி, கொம்பை முதலில் வலப்புறமும் பிறகு இடப்புறமும் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் அது விலாவைத் தழுவி அமைதியாகக் கிடக்கும். மறுபக்கத்தில் முனை வயிற்றைக் குத்தும், அல்லது வெளியே நீட்டிக்கொண்டு வருவோர் போவோர் மேல் இடிக்கும். தழுவும் பக்கத்திலும் முனை உடலோடு முழுக்க ஒட்டிவிடக் கூடாது. அடைப்பானைச் சுற்றி இரண்டு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். பழகிய கைவினைஞர்கள் கழுத்தைச் சீவி வளையம் விடுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுவார்கள். பின்பு மாற்ற முடியாது.

கேள்வி: எங்கள் பரம்பரை வீட்டின் பரணில், முறுக்கிய கறுப்புக் கொம்பில் பித்தளைப் பூண் போட்ட சிறிய மருந்துக் குப்பி ஒன்று கிடைத்தது. வெளிமான் கொம்பு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கோயில் திருவிழா ஊர்வலத்தில் என் மகன் வீரர் வேடமிட்டு அதை அணியலாமா? முனை இறுகி அடைபட்டிருக்கிறது. சூடுகாட்டித் திறக்கலாமா?
— வாசகி, வேதாரண்யம்

பதில்: அம்மா, தயவுசெய்து சூடு காட்டாதீர்கள். திருகாதீர்கள், கம்பியால் குத்தாதீர்கள். உள்ளே பழைய மருந்து இருக்கக்கூடும். ஈரம் புகாத கருமருந்து நூறு ஆண்டு கடந்தாலும் வீரியம் இழப்பதில்லை. குலுக்கிப் பார்ப்பதும் வேண்டாம். அடுப்பும் விளக்கும் இல்லாத, குழந்தைகள் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, காவல் நிலையத்தில் சொல்லுங்கள். வெடிபொருள் கையாளத் தெரிந்தவர்களை அவர்கள் வரவழைப்பார்கள். திறந்து காலி என்று உறுதியாகும் வரை அது யார் உடலிலும் ஏறக் கூடாது.

அதன் பிறகும் உங்கள் மகன் அதை அணிவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். வெளிமான், வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கோடியக்கரைச் சரணாலயம் 1967ஆம் ஆண்டு முதல் அதைக் காத்துவருகிறது. அதன் கொம்பையும் கொம்பால் செய்த பொருளையும் வாங்குவதும் விற்பதும் குற்றம். பரம்பரையாக வந்ததானாலும் முறையான உரிமைச் சான்று வேண்டும். வனச்சரக அலுவலகத்தில் நேரில் சென்று, உள்ளதை உள்ளபடி சொல்லி வழி கேளுங்கள். மறைத்து வைப்பது பின்னாளில் உங்கள் பிள்ளைகளுக்குத் தொல்லையாக முடியும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருளாக இருந்தால் தொல்பொருள் சட்டமும் சேரும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். அந்தக் கறையில்தான் அதன் வயது இருக்கிறது.

ஊர்வலத்துக்கு வேண்டுமானால் மரத்தில் கடைந்து கறுப்புப் பூசிய ஒன்றை மகனுக்குச் செய்து கொடுங்கள். இத்தகைய சிறு குப்பி ரஞ்சகத்துக்கு உரியது. பெரிய கொம்பைப் போல் அதைத் தோளில் தொங்கவிட மாட்டார்கள். இடுப்புக் கச்சையில், வலப்புறத்தில், தொப்புளுக்குச் சற்றுத் தள்ளிச் சிறு கயிற்றால் கட்டி விட்டால் முறையாக இருக்கும்.

கேள்வி: திருவிழாவில் அதிர்வேட்டுப் போடும் குழுவில் இருக்கிறேன். மருந்தை இப்போது பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுபோகிறோம். பழைய முறைப்படி கொம்பில் நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டால் பார்வையாக இருக்கும் என்று இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். செய்யலாமா?
— வாசகர், பாபநாசம்

பதில்: செய்யக் கூடாது. கொம்பு அணிந்த காலத்து மனிதருக்கு வேறு வழி இல்லை. உங்களுக்கு உண்டு. கூட்டத்துக்கு நடுவே, கையில் ஊதுவத்தியோ தீப்பந்தமோ வைத்திருப்பவர், இடுப்பில் மருந்தைக் கட்டிக்கொண்டு நடப்பது உயிரோடு விளையாடுவதாகும். வேட்டு மருந்து உரிமம் பெற்றவர் பொறுப்பில், வேட்டுக்குழாய் நட்டிருக்கும் இடத்திலிருந்து தள்ளி, மூடிய நிலையில், ஒருவர் காவலோடு இருக்க வேண்டும். பற்றவைப்பவர் வேறு, மருந்தைப் பார்த்துக்கொள்பவர் வேறு என்று பிரித்துவிடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவும் நல்லதன்று. உராய்வில் மின்னேற்றம் கொள்ளும் பொருள் அது. எதில் வைப்பது என்று உரிமம் வழங்கிய அதிகாரியிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள். இளைஞர்கள் அழகுக்காகக் கொம்பு அணியட்டும், உள்ளே ஒன்றும் இல்லாமல்.

கேள்வி: மேடையில் கொம்பிலிருந்து எதைக் கொட்டுவது? கரித்தூள் கொட்டினால் உடையெல்லாம் அழுக்காகிறது.
— கல்லூரி மாணவர், திருவாரூர்

பதில்: கறுப்பு எள் தோற்றத்தில் மருந்து மணியைப் போலவே இருக்கும், ஓசையின்றி ஒழுகும், பெருக்கி எடுப்பதும் எளிது. கறுப்பு எள்ளைத் திதிக்கு உரியது என்று கருதி மேடையில் சிந்த விரும்பாதவர்கள் குழுவில் இருந்தால், கடுகைப் பயன்படுத்துங்கள். மஞ்சள் பூத்த விளக்கொளியில் மூன்றாவது வரிசைக்கு மேல் வேறுபாடு தெரியாது. முழுக் கொம்பையும் நிரப்ப வேண்டாம். ஒரு கைப்பிடி போதும். மிகுந்தால் கனத்தால் வார் தாழ்ந்து, நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த உயரம் மாறிவிடும். நாடகம் முடிந்ததும் தானியத்தைக் கொட்டிவிட்டு, அடைப்பானைத் திறந்தபடி வைத்து உலரவிடுங்கள். இல்லையென்றால் வண்டு விழும், தானியத்தோடு கொம்பையும் அரிக்கும்.

கேள்வி: நான் இடக்கைப் பழக்கமுள்ளவள். மருதுபாண்டியர் கால வீராங்கனை வேடம் போடுகிறேன். எல்லாரையும் போல வலப்புறமே அணிய வேண்டுமா?
— மாணவி, மயிலாடுதுறை

பதில்: துப்பாக்கியை இடத்தோளில் வைத்துக் குறிபார்ப்பீர்களானால், வாரை வலத்தோளில் மாட்டிக் கொம்பை இடப்புறம் அணியுங்கள். மேலே சொன்னது முழுவதும் உங்களுக்குத் திருப்பிப் பொருந்தும், ஒன்றைத் தவிர. ரஞ்சகக் கிண்ணம் உங்களுக்காக இடப்பக்கம் மாறாது. அது குழலின் வலப்பக்கத்திலேயே, உங்கள் முகத்துக்கு நேராக இருக்கும். அதனால் பொறி உங்கள் முகத்தின் முன்னாலும் வலக்கையின் பக்கமாகவும் போகும். அந்த வகையில் இடப்புறக் கொம்பு உங்களுக்கு மற்றவர்களைவிடப் பாதுகாப்பான இடத்திலேயே இருக்கிறது. வரிசையில் நிற்கும் காட்சியில் மட்டும் இடக்கோடியில் நிற்கிறேன் என்று இயக்குநரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அப்போது உங்கள் இடப்புறக் கொம்பை நோக்கிப் பொறி எறியும் துப்பாக்கி எதுவும் இராது. கொம்பு வாங்கும்போது, கடைக்காரர் வலப்புறத்துக்கு வளைந்ததையே எடுத்து நீட்டுவார். அதன் இணைக் கொம்பைக் கேளுங்கள்.